வாய்க்காலில் குட்டித் தேரை, குளத்தில் கொழுத்த தேரை: ஏன் இந்த வித்தியாசம்?

#1 வயக்காட்டான்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் பக்கம் எனக்குக் கொஞ்சம் வாழை உண்டு. இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைதான்), வாழைக்கு நடுவே வெட்டிய வாய்க்காலில் சொறித்தவளை, அதாவது தேரை, முட்டை இட்டிருந்தது. கறுப்பு மணி கோத்த சரம் மாதிரி நீளமாகக் கிடக்குமே, அதுதான். அதே வாரம் ஊர்க் குளத்துப் படித்துறையிலும் அதே மாதிரி சரம் பார்த்தேன்.

இடையில் மழை பொய்த்துவிட்டது. வாய்க்கால் வற்ற வற்ற, அங்கிருந்த தலைப்பிரட்டைகள் அவசர அவசரமாக வாலைத் தொலைத்துவிட்டு வரப்பில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. குளத்துப் பிள்ளைகள் நிதானமாக இருந்து, பல நாள் கழித்துத்தான் கரையேறின. அவை நல்ல கொழுப்பு. காலும் நீளமாகத் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

என் கேள்வி இரண்டு. தண்ணீர் வற்றுகிறது என்று தலைப்பிரட்டைக்கு யார் சொன்னது? அப்புறம், சீக்கிரம் ஏறுவது இவ்வளவு சுலபம் என்றால், இத்தனை கோடி வருஷத்தில் எல்லாத் தவளையும் ஒரே வாரத்தில் கரையேறும்படி ஆகியிருக்கலாமே? தலைப்பிரட்டை என்ற கட்டமே எதற்கு?

#2 நைட்டுடூட்டி

வாடகை வீட்டுக்காரன் தண்ணீரை நிறுத்தினால் நாமும் இப்படித்தான் கிளம்புவோம் அண்ணே.

#3 விலங்கியல் டீச்சர்

நல்ல கவனிப்பு தம்பி. முப்பது வருஷம் இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன், ஆனால் வாய்க்காலையும் குளத்தையும் ஒப்பிட்டு ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை.

தலைப்பிரட்டையைத் தவளையாக மாற்றுவது தைராய்டு ஹார்மோன். நம் கழுத்தில் சுரக்கிற அதே பொருள், எழுத்து மாறாமல் அதே மூலக்கூறு. 1912இல் குடர்னாட்ஷ் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை சில நாளில் ஈ அளவு குட்டித் தவளைகளாக மாறின. கொஞ்ச வருஷம் கழித்து பென்னட் ஆலன் தலைகீழாகச் செய்தார்: தைராய்டு உருவாகும் இடத்தையே கருவில் எடுத்துவிட்டார். அந்தத் தலைப்பிரட்டைகள் மாறவே இல்லை. தலைப்பிரட்டையாகவே வளர்ந்து ராட்சதமாகின.

ஆக, உங்கள் வாய்க்கால் குட்டிகளுக்கு அந்த ஹார்மோன் முன்கூட்டியே ஏறியிருக்கிறது. யார் ஏற்றியது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். என் பாடப்புத்தகம் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

#4 ஆய்வக எலி

டீச்சர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தக்கலை, இப்போது வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை.

மனிதனுக்குப் பதற்றம் வந்தால் மூளை சி.ஆர்.எப். என்ற ஹார்மோனை விடும். அது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போய், அழுத்த ஹார்மோன் சுரக்கும். தலைப்பிரட்டையில் இந்த சி.ஆர்.எப்.புக்கு இன்னொரு வேலையும் உண்டு. தைராய்டையும் அதுவே தட்டி எழுப்பும். அதாவது அபாய மணியும் பள்ளி விடும் மணியும் ஒரே மணி. ராபர்ட் டென்வர் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்காவின் பாலைநிலத் தேரைகளில் இதைக் காட்டினார். தொட்டியில் தண்ணீரைக் குறைத்தால் மூளையில் சி.ஆர்.எப். ஏறியது, பின்னாலேயே தைராய்டு ஹார்மோனும், அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டிரோனும் ஏறின, குட்டிகள் சீக்கிரம் கரையேறின. சி.ஆர்.எப். வேலை செய்யாமல் தடுத்தால் அந்த அவசரம் குறைந்தது.

கார்டிகோஸ்டிரோன் ஒரு விசித்திரமான சரக்கு. தலைப்பிரட்டை பொடியாக இருக்கும்போது ஏறினால் வளர்ச்சியை அமுக்கும். கால் முளைத்து மாற்றம் தொடங்கிய பிறகு ஏறினால் தைராய்டுக்குத் தோள் கொடுத்து மாற்றத்தை வேகப்படுத்தும். உங்கள் குட்டிகள் சின்னதாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தின்று வளரும் நாள் குறைந்தது மட்டும் காரணம் இல்லை.

#5 நைட்டுடூட்டி

எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. கரைத்து ஊற்றினால் மாறுமா டீச்சர்? விளையாட்டாகத்தான் கேட்கிறேன்.

#6 விலங்கியல் டீச்சர்

மாறும். அதனால்தான் செய்யாதே என்கிறேன். அம்மாவின் மாத்திரையில் இருப்பதும் தலைப்பிரட்டை உடம்பில் ஓடுவதும் ஒன்றுதான். ஒரேயடியாக ஊற்றினால் எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் மாறப் பார்க்கும். கால் தேறும் முன்பே வால் சுருங்கும், வாய் ஒரு பக்கம் மாறும், செவுள் ஒரு பக்கம் போகும். நீந்தவும் முடியாது, குதிக்கவும் முடியாது. பெரும்பாலும் செத்துவிடும். கல்லூரிச் செய்முறையில் ஒருமுறை பார்த்தேன், அதன் பிறகு அந்தப் பரிசோதனையை நான் பிள்ளைகளுக்கு வைத்ததே இல்லை.

#7 வயக்காட்டான்

டீச்சர் சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாயில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்தான் வரும். ஆனால் என் மடை தாழ்வு, பக்கத்து வயல்காரருக்கு மடை மேடு. எனக்கு முதலில் பாயும், அவருக்குக் கால்வாய் நிரம்பினால்தான் பாயும். தலைப்பிரட்டைக்குள்ளும் அப்படியா? காலுக்கு மடை தாழ்வு, வாலுக்கு மேடு?

#8 ஆய்வக எலி

அண்ணே, இதை எங்கள் வகுப்பில் நீங்கள் வந்து நடத்தலாம். கிட்டத்தட்ட அதேதான்.

ஹார்மோன் மெதுவாக ஏறும்போது பின்னங்கால் முதலில் கேட்கும். பிறகு முன்னங்கால் வெளியே வரும். வாய் அகலும். பாசி தின்ற சுருள் குடல் முக்கால் பங்குக்குமேல் சுருங்கிப் பூச்சி தின்னும் குடலாகும், அந்த நாட்களில் அது சாப்பிடவே முடியாது. வால் கடைசி. அது நல்லதுக்குத்தான், கால் வரும் முன் வால் போனால் என்ன ஆகும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு திருத்தம். மடை மட்டும் இல்லை, ஒவ்வொரு வயலுக்கும் சொந்த மோட்டாரும் உண்டு. தைராய்டு பெரும்பாலும் விடுவது டி4 என்ற வீரியம் குறைந்த வடிவம். அதை வீரியமான டி3 ஆக மாற்றும் நொதி ஒன்று, டி3யை அழிக்கும் நொதி இன்னொன்று. இரண்டுக்கும் டீஅயோடினேஸ் என்றுதான் பெயர், வகை எண் மட்டும் வேறு. கால் மொட்டில் மாற்றும் நொதி ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யும், அதனால் கொஞ்சம் ஹார்மோன் வந்தாலே போதும். வாலில் அது உச்சக்கட்டத்தில்தான் கிளம்பும்.

இன்னொன்று: டி3யைப் பிடிக்கும் ஏற்பி என்ற புரதம் சும்மா காத்திருப்பதில்லை. ஹார்மோன் வராதவரை டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து அந்த மரபணுக்களைப் பூட்டியே வைத்திருக்கும். வந்ததும் அதே ஏற்பி பூட்டைத் திறக்கும். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் ஒரே பெடல்.

#9 குளத்தோரம்

எல்லாம் சரி, ஆனால் அண்ணனின் இரண்டாம் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பரிணாமம் ஏன் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை? "ஹார்மோன்தான் காரணம்" என்பது, "ஏன் பஸ் லேட்?" என்றால் "டிரைவர்தான் காரணம்" என்பது மாதிரி இருக்கிறது.

அப்புறம் நம் வயலில் அடிக்கிற மருந்தை ஏன் யாரும் பேசவில்லை? வாய்க்கால் குட்டிகள் சிறுத்ததற்கு அதுவே போதாதா?

#10 ஆய்வக எலி

மருந்து விஷயம் நியாயமான சந்தேகம். அட்ரசின் என்ற களைக்கொல்லி மிகக் குறைந்த அளவிலேயே ஆண் தவளைகளின் இனப்பெருக்க உறுப்பைக் குழப்புகிறது என்று டைரோன் ஹேய்ஸ் என்ற ஆய்வாளர் 2002இல் எழுதினார். அதன்மேல் பெரிய சண்டையே நடந்தது, எதிர்த்து வந்த ஆய்வுகளும் உண்டு. ஆனால் அண்ணன் பார்த்ததற்கு மருந்து தேவையில்லை. மருந்தே இல்லாத ஆய்வகத் தொட்டியில் தண்ணீரைக் குறைத்தாலே இதுதான் நடக்கும். அவர் வயலில் மருந்து அடித்தாரா என்று அவரே சொல்லட்டும்.

வேகத்துக்கு வருகிறேன். வேகத்தைத் தேர்ந்தெடுத்த தவளைகள் உண்டு. வட அமெரிக்கப் பாலையில் கவுச் தேரை, மழைக் குட்டையில் முட்டையிட்டு 8 நாளில்கூடக் கரையேறிவிடும். அதற்குத் தூரத்துச் சொந்தம் ஐரோப்பாவில் இருக்கிறது, அது மாதக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சொந்தங்கள் உங்கள் சொறித்தவளை மாதிரி: தண்ணீர் இருந்தால் நிதானம், வற்றினால் அவசரம். இவற்றை ஒப்பிட்டதில் தெரிந்தது என்ன என்றால், கவுச் தேரை புது ஹார்மோன் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மற்றவை அபாயத்தில் மட்டும் ஏற்றுகிற தைராய்டு ஹார்மோனை அது எப்போதுமே உயரத்தில் வைத்திருக்கிறது. அதன் திசுக்களும் அந்த ஹார்மோனுக்குச் சட்டென்று செவிசாய்க்கும். விலை என்ன தெரியுமா? தண்ணீர் இன்னும் வேகமாக வற்றினால் அதனால் இன்னும் வேகம் கூட்ட முடியவில்லை. ஏற்கெனவே கியர் உச்சத்தில்.

அண்ணே, உங்கள் கண் தப்பவில்லை. அவசரமாக மாறின குட்டிகளுக்குப் பின்னங்கால் உடம்பு அளவோடு ஒப்பிட்டாலும் குட்டையாகவே இருக்கும். அதே இனத்துக்குள் வற்றிய குட்டையில் வந்தவைக்கும் அப்படி, வேகமான இனங்களுக்கும் அப்படி. காலை மட்டும் நீட்டி நாளைக் குறைக்க வழி இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே கால்வாய்த் தண்ணீரில் ஓடுகின்றன.

#11 வயக்காட்டான்

வாழைக்கு உரம் வைத்தேன், மருந்து அடிக்கவில்லை. குளத்தில் என்னென்ன கலக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்!

#12 மாறாமலை

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. தலைப்பிரட்டைக் கட்டமே எதற்கு என்று கேட்டீர்களே, இங்கே அந்தக் கட்டம் இல்லாத தவளையே நிறைய. கட்டைவிரல் நகம் அளவு புதர்த்தவளைகள், ராத்திரி டிக் டிக் என்று கத்தும். தண்ணீர்ப் பக்கமே போகாது. இலையிலோ சருகுக்கு அடியிலோ முட்டை, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. களக்காடு முண்டந்துறைக் காட்டில் ஒரு வகை, ஈத்தை மூங்கிலில் கணுக்களுக்கு நடுவே உள்ள சின்ன வெடிப்பு வழியாக உள்ளே நுழைந்து அங்கே முட்டையிடும். ஆண் உள்ளேயே இருந்து காவல் காக்கும்.

ஓடைப் பக்கம் போனால் இன்னொரு கூத்து. நனைந்த பாறையில் தண்ணீர் சும்மா வழிந்துகொண்டிருக்கும், ஆழமே இருக்காது. அதில் தலைப்பிரட்டை ஒட்டிக்கொண்டு திரியும். பக்கத்தில் போனால் வாலை உதறிப் பாறைமேல் துள்ளும். மற்றத் தலைப்பிரட்டைகளுக்கு முன்னாலேயே அதற்குப் பின்னங்கால் நன்றாக வளர்ந்திருக்கும். புத்தகத்தில் இண்டிரானா என்று போட்டிருந்தது.

#13 ஆய்வக எலி

மாறாமலை அண்ணாச்சி தங்கச் சுரங்கத்தையே திறந்துவிட்டார்.

அந்தப் புதர்த்தவளைகள் ராவோர்செஸ்டெஸ் என்ற பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 60 இனத்துக்கு மேல். தலைப்பிரட்டையைத் தூக்கி எறிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இதே மாதிரி முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையாக வரும் போர்ட்டோ ரிக்கோவின் கோக்கி தவளையின் முட்டைக்குள் பார்த்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். தைராய்டு வேலை செய்யாமல் மருந்து கொடுத்தால் கரு பாதியில் நின்றுவிடுகிறது, வால் போக மாட்டேன் என்கிறது. டி3 கொடுத்தால் மறுபடி கிளம்புகிறது. அதாவது உருமாற்றம் எங்கும் போகவில்லை, முட்டைக்குள் ஒளிந்துகொண்டு நடக்கிறது. கட்டத்தைச் சுருக்கியிருக்கிறது, முன்னுக்கு நகர்த்தியிருக்கிறது, சில உறுப்புகளை வரவே விடவில்லை. வாலைக்கூட விடவில்லை பாருங்கள், ரத்தக்குழாய் நிறைந்த விசிறி மாதிரி அகலமாக்கி மூச்சு விடப் பயன்படுத்துகிறது!

இண்டிரானாவில் நீங்கள் பார்த்த முந்திய காலும் இதே விளையாட்டுதான் என்று என் கணிப்பு. கால் வயலின் மடையை மட்டும் இன்னும் தாழ்த்தினால் போதும்.

#14 குளத்தோரம்

சரி, ஒத்துக்கொள்கிறேன், இது டிரைவர் பதில் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று கேட்கிறேன். சாலமாண்டர்களில் ஆக்சலாட்டல் என்று ஒன்று லார்வாவாகவே (தலைப்பிரட்டை மாதிரி இளம் பருவத்திலேயே) இருந்து, லார்வாவாகவே முட்டையும் இடுகிறது. தைராய்டு கொடுத்தால் மட்டும் கரையேறும் உடம்பாக மாறுகிறது. தவளை ஏன் இதைச் செய்யவில்லை? குளத்தில் வசதியாக இருக்கிற தலைப்பிரட்டை ஏன் அங்கேயே இருந்து பிள்ளை பெறக் கூடாது?

#15 விலங்கியல் டீச்சர்

இது எனக்குப் பிடித்த கேள்வி. முட்டையிடும் தலைப்பிரட்டை என்று ஒரு தவளை இனம்கூட இதுவரை காணப்பட்டதில்லை. தைராய்டு கெட்டுப்போன ராட்சதத் தலைப்பிரட்டைகள் எப்போதாவது கிடைக்கும். 2018இல் அரிசோனாவில் ஒரு குளத்தை வற்ற வைத்தபோது சுமார் 25 செ.மீ. நீளத்தில் ஒன்று கிடைத்து அதற்குக் கோலியாத் என்று பெயர் வைத்தார்கள். தென் அமெரிக்காவில் ஒரு தவளைக்குத் தலைப்பிரட்டையே இயல்பாக அந்த நீளம் வரும், தவளையானதும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! அந்த அளவு பெரிதாகியும் அது முட்டையிடுவதில்லை.

சாலமாண்டரின் லார்வா, பெரியதைப் போலவே நீளமான உடம்பும் நாலு காலும் உடையது. தலைப்பிரட்டை அப்படி இல்லை. தலையும் குடலும்தான் அதன் உடம்பு. அந்தக் குடல் சுருளுக்கு நடுவே முட்டைக்கு இடம் எங்கே என்று ஒரு விளக்கம் உண்டு. குடலைச் சுருக்க வேண்டுமானால் தைராய்டு ஏற வேண்டும், தைராய்டு ஏறினால் கால் வரும், வாய் மாறும், வாலும் போகும்.

#16 நைட்டுடூட்டி

ஒரு நூலை இழுத்தால் சேலையே வருகிற மாதிரி.

#17 மாறாமலை

தைராய்டையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கத்துகிற ஆண் தவளையை விட்டுவிட்டீர்களே. மழை விழுந்த அன்று ராத்திரி மாக்கான் தவளை எலுமிச்சம்பழ மஞ்சளில் நின்று, கழுத்தில் இரண்டு நீலப் பை ஊதிக் கத்துவதைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? எங்கள் அப்பா காலத்தில் பெட்ரோமாக்ஸ் எடுத்துக்கொண்டு அவற்றைப் பிடிக்க ஆள் போவார்கள், கால் ஏற்றுமதிக்கு. 1987இல் தடை வந்தது. அது கத்தாமல் இருந்திருந்தால் சாக்கில் விழுந்திருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

#18 ஆய்வக எலி

அந்தப் பழமொழிக்கு உள்ளே ஒரு ஹார்மோன் கணக்கே இருக்கிறது அண்ணாச்சி.

ஆணின் கத்தல், கத்தும் தசை, பெண்ணை இறுக்கிப் பிடிக்கும் முன்னங்கை, கட்டைவிரலில் வரும் கறுத்த சொரசொரப்பு, எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் குடும்பத்துக் கட்டளை. கத்துவது தவளைக்கு மிகச் செலவான வேலை. கத்தக் கத்தச் சேமிப்பு கரையும், அழுத்த ஹார்மோன் ஏறும். ஓர் அளவுக்குமேல் ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆண் வாயை மூடிவிடும். அமெரிக்கத் தேரைகளில் கத்திக்கொண்டிருந்த ஆணுக்குக் கார்டிகோஸ்டிரோன் கொடுத்தபோது நிறுத்திவிட்டன. பெண்கள் நீளக் கத்தலையே விரும்பினாலும், நீளம் எல்லையில்லாமல் கூட முடியாததற்கு இதுவும் ஒரு தடுப்புச் சுவர். குரலை மட்டும் பெரிதாக்க டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டினால் கையும் விரலும் செலவும் சேர்ந்து கூடும்.

சொறித்தவளை ஆண்களும் கூடும் நாளில் மஞ்சளாகும், கவனித்திருப்பீர்கள். அங்கே வேலை செய்வது எபிநெப்ரின், அதாவது நமக்குப் பயத்தில் சுரக்கும் அட்ரினலின். அதைக் கொடுத்தால் சில நிமிடத்தில் மஞ்சள் ஏறுகிறது.

#19 குளத்தோரம்

அப்படியானால் சுவரைத் தாண்டிய தவளையே கிடையாதா?

#20 ஆய்வக எலி

உண்டு, அண்ணாச்சியின் ஓடையிலேயே இருக்கும். அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாத இடத்தில் பின்னங்காலை நீட்டி விரல் விரித்துக் கொடி காட்டும் தவளைகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக்ரிக்ஸாலஸ், நடனத் தவளை என்பார்கள். 2014இல் ஒரே கட்டுரையில் 14 புது இனம் விவரித்தார்கள். இதே வித்தையைத் தனியாகக் கற்றுக்கொண்டது போர்னியோவின் ஸ்டாரோய்ஸ். அங்கேயும் புது ஹார்மோன் எதுவும் இல்லை. தொடைத் தசையில் ஆண் ஹார்மோனைக் கேட்கும் ஏற்பிக்கான உற்பத்தி மட்டும், கொடி காட்டாத தவளைகளைவிடப் பல மடங்கு. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் கொடி காட்டுவது கூடியது.

அண்ணன் பாஷையில் சொன்னால், அணையில் கூட்டித் திறக்கத் தேவையில்லை. இதுவரை தண்ணீர் அவ்வளவாக ஏறாத மேட்டு வயலில் ஒரு புது மடை வெட்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை தவளையின் பரிணாமம் அதிகம் கைவைத்த இடம் மடைதான். அணையில் கைவைத்தால் ஊரே நனையும்.

#21 மாறாமலை

அந்தக் காலாட்டித் தவளையை நான் பார்த்திருக்கிறேன். கால் சுளுக்கு என்று நினைத்தேன்.

#22 வயக்காட்டான்

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக டீச்சருக்கும் எலித் தம்பிக்கும். நேற்று ராத்திரி நல்ல மழை. வாய்க்காலில் மறுபடி இரண்டு சரம் கிடக்கிறது, ஒன்று வாழையின் அடியைச் சுற்றி. இந்தத் தடவை வாய்க்காலை நடுவில் மண் வைத்து அடைத்துவிட்டேன். ஒரு பாதிக்குத் தினமும் குடத்தில் தண்ணீர் விடுவேன், மறு பாதியை அதன்போக்கில் விட்டுவிடுவேன். பையனுடைய ஸ்கேல் எடுத்து வைத்திருக்கிறேன், கால் நீளம் பார்க்க. உடம்பு நீளத்தை மூக்கிலிருந்து எதுவரை அளக்க வேண்டும் டீச்சர்?

#23 விலங்கியல் டீச்சர்

மூக்கு நுனியிலிருந்து பின் துவாரம் வரை. கையை நனைத்துக்கொண்டு எடுங்கள், அளந்ததும் எடுத்த பக்கத்திலேயே விடுங்கள். ஒரு பக்கத்துக்கு இருபதையாவது அளக்க வேண்டும், நாலைந்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வால் முழுதாக மறைந்த அன்றைக்கு அளந்தால்தான் ஒப்பிட முடியும்.